நீச்சல் தடாகத்தில் பிள்ளையை இறக்குவதற்கு முன்

“ஊரெல்லாம் குளிச்ச தண்ணிக்கை எங்கட பிள்ளையையும் இறக்கப் போறியே?” என்று அம்மா கேட்டபோது நான் முற்றத்தில் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டிருந்தேன். மகளுக்கு ஒன்பது வயது. அவளுக்கு முறையாக நீச்சல் பழக்க வேண்டும் என்று நானும் மனைவியும் பல மாதங்களாகக் கதைத்து, கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, பொதுமக்களுக்குக் கட்டணத்துக்குத் திறந்துவிடும் ஒரு தடாகத்துக்குப் புறப்பட்டிருந்தோம். அம்மாவின் கணக்கில் தண்ணீர் இரண்டு வகைப்படும்: ஓடுகிற தண்ணீர், நிற்கிற தண்ணீர். ஓடுகிற தண்ணீரில் ஊரே குளிக்கலாம்; நிற்கிற தண்ணீரில் ஒருவர் குளித்துவிட்டால் அது அடுத்தவருக்கு ஆகாது. சிறு வயதில் எங்களை இரணைமடுக் குளத்திலிருந்து வரும் வாய்க்காலில் மணிக்கணக்காகக் கிடக்க விட்டவர், வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் காலை நனைத்தால் மட்டும் தடியோடு வந்ததற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான். அன்றைக்கு என்னிடம் அவருக்குச் சொல்ல மறுமொழி இருக்கவில்லை. அதன் பின்னர் ஏறத்தாழ ஒரு வருடமாகத் தேடி வாசித்தும், தெரிந்தவர்களிடம் கேட்டும், தடாகக் கரைகளில் நின்று பார்த்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். இதே தயக்கத்தோடு பிள்ளைகளை வீட்டில் மறித்து வைத்திருக்கும் பெற்றோர் எங்கள் பகுதியில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

தடாகம் எதற்கு, குளங்கள் இருக்கின்றனவே என்று சிலர் கேட்பார்கள். வன்னியில் குளங்களுக்குக் குறைவில்லைதான். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, பாவற்குளம், கட்டுக்கரை என்று பெரியவற்றைச் சொல்லி முடித்தாலும், ஊருக்கு ஒன்றாகவும் இரண்டாகவும் சிறு குளங்கள் எஞ்சி நிற்கும். அவற்றோடு வீதி போடுவதற்குக் கிரவல் அள்ளிய கிடங்குகள் மாரி மழையில் நிரம்பி, ஆழம் தெரியாத மண் நிறத் தண்ணீராகக் கிடக்கின்றன. குளிக்கப் போன பிள்ளை திரும்பவில்லை என்ற செய்தியை நாங்கள் எத்தனை தடவை வாசித்துவிட்டோம். என் வயதினர் வாய்க்காலில் தத்தளித்துத் தாமாகவே நீந்தக் கற்றுக்கொண்டவர்கள். அப்படிக் கற்றுக்கொள்ள முடியாமற் போனவர்களையும் எனக்குத் தெரியும். ஆகவே, அடி தெரிகிற, ஆழம் சுவரில் எழுதப்பட்டிருக்கிற, பக்கத்தில் ஒருவர் கண்காணித்து நிற்கிற தண்ணீரில் மகள் பழக வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இருக்கவில்லை. அந்தத் தண்ணீர் சுத்தமானதா என்பது மட்டுமே கேள்வி.

நாங்கள் முதலிற் போன தடாகத்தில் வாசலிலேயே மூக்கை அரிக்கும் மணம் வந்தது. எனக்கு அது ஒரு விதத்தில் ஆறுதலாகவே இருந்தது. 2009 இல் செட்டிகுளத்து மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில், பவுசர் கொண்டுவந்து தாங்கியில் நிரப்பிய தண்ணீருக்காக வாளியோடு வரிசையில் நின்ற நாட்களில், குளோரின் மணம் வந்தால் அம்மா நிம்மதியடைவார். மணம் இல்லாத நாளில் அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்க விறகு தேடுவார். அவ்வளவு பேர் நெருக்கமாக அடைபட்டிருந்த இடத்தில் வயிற்றோட்டம் வராமலிருக்க அந்த மணமே எங்களுக்கு இருந்த ஒரே சாட்சி. அந்தப் பழக்கத்தில், தடாகத்தின் மணத்தையும் நான் சுத்தத்தின் மணமாகவே எடுத்துக்கொண்டேன். பணியில் இருந்த இளைஞனும், “மணக்குதெண்டா மருந்து வடிவாப் போட்டிருக்கெண்டுதான் அர்த்தம், அண்ணை” என்றான். மகள் ஒரு மணி நேரம் விளையாடினாள். திரும்பும் வழியில் அவளுடைய கண்கள் சிவந்திருந்தன, இருமலும் வந்தது. மூன்றாம் நாள் காது வலி தொடங்கியது. வைத்தியர் காது மடலை மெல்ல இழுத்ததும் அவள் துடித்தாள். இது வெளிக்காதில் வரும் தொற்று, நடுக்காதில் வருவதென்றால் மடலை இழுக்கும்போது இப்படி வலிக்காது என்று அவர் விளக்கிச் சொட்டுமருந்து எழுதிக் கொடுத்தார். தண்ணீரில் நெடுநேரம் ஊறிய காதுக்குள் சூடோமோனாஸ் என்ற பற்றீரியா பெருகுவதால் வரும் இந்த நோயை நீந்துபவர்களின் காது நோய் என்றே அழைக்கிறார்கள். குளோரின் மருந்து சரியான அளவில் இருக்கும் தடாகத்தில் இந்தப் பற்றீரியா நிலைப்பது கடினம்.

அப்படியானால் அந்த மணம் என்ன? நான் தவறாக விளங்கி வைத்திருந்தது இந்த இடத்தில்தான். சுத்தமான தண்ணீரில் அளவாகக் கலந்த குளோரினுக்குப் பெரிதாக மணம் கிடையாது. நீந்துபவர்களின் வியர்வையிலும் சலத்திலும் (சிறுநீரிலும்) உள்ள யூரியா, அமோனியா போன்றவற்றோடு குளோரின் சேரும்போது குளோரமைன்கள் என்ற சேர்மங்கள் உண்டாகின்றன. மூக்கை அரிப்பவையும் கண்ணைச் சிவக்க வைப்பவையும் இவைதான். இவற்றுள் ஒருவகை தண்ணீரை விட்டு ஆவியாக எழுந்து, நீந்துபவர் மூச்செடுக்கும் அதே உயரத்தில் மேற்பரப்பை ஒட்டித் தங்குகிறது. மகளுக்கு வந்த இருமலுக்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இப்படி அழுக்கோடு பிணைந்துவிட்ட குளோரினுக்குக் கிருமியைக் கொல்லும் வலு மிகக் குறைவு. ஆகவே கடுமையாக மணக்கும் தடாகம் மருந்து கூடிய தடாகம் அல்ல. மருந்தெல்லாம் அழுக்கோடு போராடித் தீர்ந்துபோன தடாகம். முகாமின் தாங்கித் தண்ணீரில் எவரும் குளிக்கவில்லை என்பதை அன்றைக்கு நான் யோசித்திருந்தால், அந்த மணத்தையும் இந்த மணத்தையும் ஒன்றென்று எண்ணியிருக்க மாட்டேன்.

இதைப் பற்றி வாசிக்கும்போது கனடாவின் அல்பேர்ட்டாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017 இல் வெளியிட்ட ஓர் ஆய்வைக் கண்டேன். அசெசல்பேம் பொட்டாசியம் என்ற செயற்கை இனிப்பு உடம்பில் செரிக்காமல் சலத்தோடு அப்படியே வெளியேறிவிடும் என்பதால், இரண்டு நகரங்களில் 31 தடாகங்களிலும் வெந்நீர்த் தொட்டிகளிலும் அந்த இனிப்பை அளந்து அதிலிருந்து சலத்தின் அளவைக் கணக்கிட்டார்கள். 830,000 லீற்றர் கொள்ளும் ஒரு தடாகத்தில் ஏறத்தாழ 75 லீற்றர் சலம் இருந்ததாக அவர்களுடைய கணக்கு சொல்கிறது. மனைவி இதைக் கேட்டதும் இனி எந்தத் தடாகத்துக்கும் போவதில்லை என்றார். ஆனால் 75 லீற்றர் என்பது அந்தத் தண்ணீரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சலத்தால் நேரடியாக நோய் பரவுவதும் அரிது. அது குளோரினைத் தின்றுவிடுவதுதான் உண்மையான கேடு. காவலுக்கு நிற்க வேண்டிய மருந்து வேறு வேலைக்குப் போய்விடுகிறது.

குளோரின் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்குத் திட்டமான அளவுகள் உண்டு. பிணையாத குளோரின் ஒரு லீற்றருக்குக் குறைந்தது 1 மில்லிகிராம் இருக்க வேண்டும். பொதுவாக 1 முதல் 3 வரை வைத்திருப்பார்கள். அத்துடன் தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் பெறுமானம் 7.2 க்கும் 7.8 க்கும் இடையில் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது எண்ணைத்தான் எங்கள் பகுதியில் முக்கியமாகக் கவனிக்க வேண்டும் என்பது என் எண்ணம். பிஎச் 7.5 இல் குளோரினில் ஏறத்தாழ அரைவாசி கிருமி கொல்லும் வடிவத்தில் இருக்கும். 8 க்கு ஏறினால் அது கால்பங்காகிவிடும். வன்னியில் கேத்தலின் அடியில் வெள்ளைப் படை படியாத வீடு எது? அந்தக் கடினமான, காரத்தன்மை கூடிய கிணற்றுத் தண்ணீரைத்தான் பல தடாகங்களிலும் நிரப்புகிறார்கள். அமிலம் சேர்த்து பிஎச்சைக் கட்டுப்படுத்தாவிட்டால், மூடை மூடையாகக் குளோரின் தூள் கொட்டினாலும் அதன் பெரும்பங்கு வேலை செய்யாமலே கிடக்கும். வெயில் வேறு இருக்கிறது. திறந்த வெளித் தடாகத்தில், பாதுகாக்கும் சயனூரிக் அமிலம் சேர்க்காவிட்டால், உச்சி வெயில் சில மணி நேரத்திலேயே குளோரினின் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். காலை ஆறு மணிக்குப் பார்த்த அளவு, பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்து குதிக்கும் நேரத்தில் இருக்கும் என்று நம்ப முடியாது.

அம்மாவின் கேள்விக்குத் திரும்புகிறேன். சில மாதங்களுக்குப் பின், ஒரு விடுதியோடு சேர்ந்த வேறொரு தடாகத்துக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அதைப் பராமரிப்பவர் அறுபது வயதை நெருங்கிய ஒருவர். “இது நிக்கிற தண்ணிதானே ஐயா?” என்று அம்மா நேரடியாகவே அவரிடம் கேட்டார். அவர் கோபப்படவில்லை. சுவரில் தண்ணீர் திரும்பி வரும் துளைக்கு முன்னால் கையை வைக்கச் சொன்னார். அம்மா குனிந்து வைத்தபோது, தண்ணீர் உள்ளங்கையில் மோதிக் கையைப் பின்னுக்குத் தள்ளியது. “ஓடுறது சரி. ஆனா அதே தண்ணிதானே சுத்திச் சுத்தி வருது?” என்றார் அம்மா. எனக்குத் தோன்றாத கேள்வி அது.

அவர் எங்களைப் பம்பி அறைக்கு அழைத்துப் போனார். ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைந்த ஒரு உருளைத் தாங்கி, உள்ளே மணல். தடாகத்துத் தண்ணீர் முழுவதும் அந்த மணலுக்குள்ளால் வடிந்து திரும்ப வேண்டும். 25 மீற்றர் நீளமும் 12.5 மீற்றர் அகலமும் சராசரி ஒன்றரை மீற்றர் ஆழமும் உள்ள தடாகம் என்றால் ஏறத்தாழ 470,000 லீற்றர். அவ்வளவையும் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை சுற்ற வைப்பது வழக்கம். சுத்தமான தண்ணீரும் சுத்தமில்லாத தண்ணீரும் கலந்தே ஓடுவதால், ஒரு சுற்று முடியும்போது 63 சதவீதம் மட்டுமே மணலைக் கடந்திருக்கும். மூன்று சுற்று முடிந்தால் 95 சதவீதம். இரவில் மின்சாரக் கட்டணத்துக்குப் பயந்து பம்பியை நிறுத்திவிடும் தடாகத்தில் மறுநாள் காலை இறங்குவது ஏன் நல்லதல்ல என்பது இந்தக் கணக்கில் விளங்கிவிடும். பராமரிப்பவர் ஒரு பிடியைத் திருப்பி, தண்ணீரை மணலின் கீழிருந்து மேலாகச் செலுத்திக் கழுவிக் காட்டினார். குழாயில் பொருத்தியிருந்த சிறிய கண்ணாடிக் கிண்ணத்துக்குள் தண்ணீர் முதலில் தேநீர்ச் சாயத்தின் நிறத்தில் வந்தது; பிறகு வெளிறி வெளிறி, இரண்டு மூன்று நிமிடத்தில் கண்ணாடியில் தண்ணீர் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிந்தது. அம்மா அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார். மணலுக்குள்ளால் நழுவக்கூடிய நுண்ணிய தூசைத் திரட்டிப் பிடிப்பதற்குப் படிகாரத்தைப் போன்ற ஒரு மருந்தையும் சேர்ப்போம் என்று அவர் சொன்னபோது, “தேத்தாங்கொட்டை உரைச்சு விடுற மாதிரி” என்றார் அம்மா. கலங்கிய தண்ணீர்க் குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துத் தெளிய வைத்த கை அது. இரண்டும் ஒரே வேலைதான்: மிதக்கும் துகள்களை ஒன்றோடொன்று ஒட்ட வைப்பது.

வடிகட்டியும் குளோரினும் சரியாக இருந்தால் பெரும்பாலான கிருமிகளுக்கு வாழ்வில்லை. லீற்றருக்கு 1 மில்லிகிராம் குளோரின் உள்ள தண்ணீரில் ஈ.கோலை என்ற குடல் பற்றீரியா ஒரு நிமிடத்துக்குள் செத்துவிடும். செங்கண்மாரியை உண்டாக்கும் ஹெபடைட்டிஸ் ஏ வைரசுக்கு ஏறத்தாழ 16 நிமிடம், ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணிக்கு 45 நிமிடம். ஒரே ஒரு கிருமி இந்த வரிசையில் அடங்காது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற அந்த ஒட்டுண்ணி தடித்த ஓட்டுக்குள் இருப்பதால் 15,300 நிமிடங்கள், அதாவது பத்து நாட்களுக்கு மேல், அதே தண்ணீரில் தாக்குப்பிடிக்கும். வயிற்றோட்டம் உள்ள ஒருவர் இறங்கினால் போதும், அது தண்ணீருக்கு வந்துவிடும். பிள்ளைகள் நீந்தும்போது தண்ணீரை விழுங்காமல் இருப்பதில்லை. முக்கால் மணி நேர நீச்சலில் பிள்ளைகள் சராசரி 37 மில்லி லீற்றரும் பெரியவர்கள் 16 மில்லி லீற்றரும் விழுங்குவதாக 2006 இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. ஆகவே வயிற்றோட்டம் வந்த பிள்ளையை, எவ்வளவு அழுதாலும், தடாகத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. கிரிப்டோஸ்போரிடியம் என்று வைத்தியர் உறுதிப்படுத்தினால், வயிறு நின்ற பின்னும் இரண்டு கிழமை பொறுக்க வேண்டும். இது மற்றவர்களுடைய பிள்ளைகளுக்காக நாங்கள் செய்ய வேண்டியது, அதை எந்தக் காவலாளியும் வாசலில் நின்று கண்டுபிடிக்க முடியாது.

குளத்துத் தண்ணீர் இயற்கையானது, மருந்தில்லாதது, ஆகவே நல்லது என்று எண்ணுபவர்களோடு நான் உடன்பட மாட்டேன். எனக்கும் குளம் பிடிக்கும். மார்கழியில் வான் பாயும் இடத்தில் நின்று முதுகைக் கொடுப்பதைப் போன்ற சுகம் எந்தத் தடாகத்திலும் கிடையாது. ஆனால் வயல்களிலிருந்தும் எருமைகள் புரளும் மடுக்களிலிருந்தும் வடிந்து வரும் தண்ணீரில் எலியின் சலமும் மாட்டின் சலமும் கலந்தே வரும். எலிக்காய்ச்சல் காலில் உள்ள சிறு கீறலுக்குள்ளாலும் நுழையும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் வெள்ளத்துக்குப் பின் எலிக்காய்ச்சலால் நடந்த மரணங்களை நாங்கள் மறந்திருக்க மாட்டோம். அதே ஆண்டு கேரளத்தில் குளங்களில் குளித்த பிள்ளைகள் மூளையைத் தாக்கும் அமீபாவால் இறந்த செய்தியும் எங்கள் கைபேசிகளுக்கெல்லாம் வந்தது. அந்த அமீபா குடிப்பதால் வருவதில்லை, மூக்கு வழியாகவே ஏறும். வெதுவெதுப்பான நன்னீரில் வாழும். குளோரின் ஒழுங்காக இருக்கும் தடாகத்தில் பிழைக்காது. மருந்து போடாமல் கைவிடப்பட்ட தடாகத்தில் பிழைக்கும். தடாகம் என்ற பெயரில் இருப்பதெல்லாம் ஒன்றல்ல என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இனி எங்கள் பக்கம். அந்தப் பராமரிப்பவர் தடாகத்தின் ஓரமாக நடந்துபோய், தண்ணீர் மட்டம் தொடும் இடத்தில் மாபிளை ஒரு விரலால் நீளமாகத் துடைத்து எங்களிடம் காட்டினார். விரல் கறுப்பாக, பிசுபிசுப்பாக இருந்தது. “இது சேறில்லை தம்பி, தலை எண்ணெய்” என்றார். சனிக்கிழமை எண்ணெய் முழுகிவிட்டு நேராகத் தடாகத்துக்கு வருபவர்கள் இருக்கிறார்களாம். எண்ணெய் குளோரினைத் தின்கிறது, மணலை அடைக்கிறது, கரையில் படிந்து கிருமிகளுக்கு இருப்பிடமாகிறது. முகத்துப் பவுடரும் கிரவல் வீதியின் செம்புழுதி படிந்த காலும் அப்படித்தான். தடாகத்துக்குள் இறங்க முன் ஒரு நிமிடம் ஷவரின் கீழ் நின்றாலே உடம்பிலுள்ள அழுக்கின் பெரும்பகுதி போய்விடும். எங்கள் ஆட்களோ அதைக் குளிருக்குப் பயந்து தவிர்க்கிறார்கள், அல்லது தலையில் இரண்டு துளி தெளித்துவிட்டு வருகிறார்கள். கிணற்றடியில் கால் கழுவாமல் கேணிக்குள் இறங்கினால் சத்தம் போட்டு மறித்த எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இதை இப்படி விட்டிருக்க மாட்டார்கள்.

உடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதில்தான் எங்கள் இடங்களில் அதிகம் சச்சரவு வருகிறது. சாரத்தோடும் பருத்திச் சட்டையோடும் இறங்க விடவில்லை என்று கோபித்துக்கொள்பவர்களைக் கண்டிருக்கிறேன். பருத்தி வியர்வையையும் சவர்க்காரத்தையும் புழுதியையும் உறிஞ்சி வைத்திருந்து தண்ணீரில் விடுகிறது. அதன் நார் வடிகட்டியில் சிக்குகிறது. எங்கள் பெண்பிள்ளைகளுக்கு ஏற்ற, கையும் காலும் மூடிய நீச்சலுடை இப்போது வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் வாங்கக் கிடைக்கிறது. மகளுக்கு அப்படி ஒன்று எடுத்துக் கொடுத்தோம். அதை நீந்துவதற்கு மட்டும் என்று வைத்திருக்கிறோம், வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு வருவதில்லை.

நான் இப்போது ஒரு தடாகத்துக்குப் போனால் காசு கொடுக்க முன்னரே ஆழமான பக்கத்துக்குப் போய் அடியிலுள்ள வடிகாலின் கம்பிகள் தெளிவாகத் தெரிகின்றனவா என்று பார்க்கிறேன். தெரியாவிட்டால் திரும்பிவிடுவேன், ஏனெனில் கலங்கிய தண்ணீரில் கிருமியும் மறைந்திருக்கும், மூழ்கும் பிள்ளையும் மறைந்துவிடும். மூக்கை அரித்தாலும் திரும்பிவிடுவேன். கடைசியாக, இன்றைக்கு எத்தனை மணிக்குத் தண்ணீரைச் சோதித்தீர்கள், எவ்வளவு இருந்தது என்று கேட்பேன். முதற் தடாகத்தில் இந்தக் கேள்வியை நான் கேட்டிருந்தால் அந்த இளைஞனிடம் பதில் இருந்திருக்காது. அது அவனுடைய பிழையுமல்ல, அவனுக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்த விடுதித் தடாகத்தில் கேட்டபோது பராமரிக்கும் பெரியவர் ஒரு அப்பியாசக் கொப்பியை எடுத்து வந்தார். அடிமட்டம் வைத்துக் கோடு கீறிய பக்கங்களில் திகதி, நேரம், குளோரின், பிஎச், குளித்தவர் தொகை என்று நிரல்கள். அன்று காலை 7 மணிக்கு 2.0, பத்து மணிக்கு 1.5 என்று எழுதியிருந்தது. பிற்பகல் மூன்று மணி ஆகியிருந்தது. மகள் ஷவரின் கீழ் நின்று தலையைக் கழுவிவிட்டு, ஈரத்தோடு படியில் தயாராக உட்கார்ந்திருந்தாள். அவர் முழங்கை ஆழத்துக்குக் கையை விட்டு ஒரு சிறிய குழாயில் தண்ணீரை அள்ளி, அதற்குள் ஒரு மாத்திரையைப் போட்டு நசுக்கி, மூடிக் குலுக்கினார். தண்ணீர் மெல்லிய இளஞ்சிவப்பானது. அதை வெள்ளைச் சுவருக்கு நேரே பிடித்து நிற அட்டையோடு ஒப்பிட்டார். 0.5. உள்ளே இருந்த நான்கு பையன்களையும் கரைக்கு ஏறச் சொன்னார். “பிள்ளை, ஒரு அரை மணித்தியாலம் பொறுக்கோணும்” என்று மகளிடம் சொல்லிவிட்டுப் பம்பி அறைக்குப் போனார். பையன்கள் முணுமுணுத்தார்கள். அம்மா தன் கைப்பையிலிருந்து வெள்ளரிக்காய்த் துண்டுகளை எடுத்து அவர்களுக்கும் சேர்த்துப் பகிர்ந்தார்.

அரை மணி நேரமல்ல, ஐம்பது நிமிடம் ஆனது. இரண்டாவது சோதனையில் நிறம் போதவில்லை என்று இன்னும் பொறுக்க வைத்தார். மூன்றாவது தடவை குழாய் செவ்வரத்தம்பூவின் வெளிறிய இதழைப் போலச் சிவந்தது; கொப்பியில் 3.50, 1.5, 7.4 என்று எழுதினார். அதன் பிறகுதான் மகள் இறங்கினாள். அம்மா மாபிளில் உட்கார்ந்து, பாதங்களைக் கழுவித் துடைத்துவிட்டு, இரண்டு கால்களையும் கணுக்கால் வரைக்கும் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டார்.